பிழை சுட்டும் சொல்லும் தமிழாகுக!

ஒரு மொழி மெய்யாகவே ஆட்சிமொழியாக இருக்கின்றதா என்பதை அறிய விரும்புவோர், அலுவலகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து நிறைவடைந்துவிடுதல் கூடாது. அவ்வலுவலகத்தினுள் நுழைந்த எளியவர் ஒருவர் படிவத்தில் ஒன்றைத் தவறாக எழுதிவிட்டால், 'இவ்விடத்தில் இவ்வாறு திருத்துக' என்று அவருக்கு எம்மொழியில் சொல்லப்படுகின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். வரவேற்புரை அயன்மொழியில் இருப்பின் அவருக்கு நேர்வது மனவருத்தமே. திருத்தவுரை அயன்மொழியில் இருப்பின் அவருக்குரிய நலமே கைநழுவிப் போகின்றது.

படிவங்கள் தாளில் இருந்த காலத்தில் இச்சிக்கல் இத்துணைக் கடுமையாக இல்லை. படிவம் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும் அதை வாங்கிப் பார்க்கும் எழுத்தர் தமிழர். 'தந்தை பெயரை எழுதவில்லையே அம்மா, இந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுங்கள்' என்று வாய்ச்சொல்லாலேயே திருத்திவிடுவார். இன்று அப்படிவங்கள் கணினிக்கும் கைப்பேசிக்கும் மாறிவிட்டன. எழுத்தர் இருந்த இடத்தில் நிரல் இருக்கின்றது. எழுதியதில் குறை கண்டால் அந்நிரல் சிவப்பெழுத்தில் ஒரு தொடரைக் காட்டித் தடுத்து நிறுத்துகின்றது. அதற்குப் பிழைச்செய்தி என்று பெயர். இரண்டு மூன்று சொற்களே கொண்ட அச்சிறு தொடர் எம்மொழியில் இருக்கின்றது, எதைச் சொல்கின்றது என்பதைப் பொறுத்தே இன்று பல்லாயிரம் எளிய தமிழர்களின் பதிவு நிறைவேறுவதும் நின்றுபோவதும் அமைகின்றன.

தோல் தொழிலாளரும் நான்கு மொழிப் பதிவேடும்

பாலாற்றங்கரையில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பள்ளிகொண்டாவை எடுத்துக்கொள்க. ஒருபுறம் வேலூர், மறுபுறம் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எனத் தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் நடைபெறும் ஊர்கள். இவ்வட்டாரத்தில் ஆலைக்குச் சென்று உழைப்போர் பலர். காலணியின் மேற்பகுதித் தோலை வீட்டுக்கே எடுத்துச் சென்று, கையால் தைத்துக் கொடுத்து, இணைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் பெண்களும் உளர். பீடி சுற்றுவோரும் உளர். வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் வருங்கால வைப்பு நிதியும் இல்லை. தொழிலாளர் ஈட்டுறுதியும் இல்லை. அத்தகையோர்க்கு உள்ள பிடிமானங்கள் இரண்டு. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த நலவாரியங்களுள் தோல் பொருள் செய்வோர்க்கும் தோல் பதனிடுவோர்க்கும் உரிய வாரியமும் ஒன்று. அது முதற் பிடிமானம். நடுவணரசின் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவேடு இரண்டாவது.

உழைப்பைக் குறிக்கும் வடசொல்லால் 'இ-சிரம்' எனப் பெயரிடப்பட்ட அப்பதிவேடு 26-8-2021 அன்று தொடங்கப்பட்டது. 16 முதல் 59 அகவை வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர் தாமே இணையவழியில் பதிந்துகொண்டு 12 இலக்க எண் ஒன்றைப் பெறலாம் என்பது திட்டம். இந்தியா முழுவதும் 30 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பதிந்துள்ளனர். இத்துணைப் பெரிய பதிவேடு எந்தெந்த மொழிகளில் பேசிற்று? ஆங்கிலம், இந்தி, கன்னடம், மராட்டியம் என்னும் நான்கு மொழிகளில். 7-1-2025 அன்றுதான், பாசினி என்னும் மொழிபெயர்ப்பு அமைப்பின் துணையால், அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் அஃது விரிவாக்கப்பட்டது. தமிழ் அதில் நுழைந்ததும் அன்றுதான். இடைப்பட்ட மூன்றாண்டு நான்கு திங்களுக்கும் மேலாகத் தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளி எவரும் தம் பதிவைத் தாமே படித்துப் பொருள் உணர்ந்து செய்திருக்க இயலாது. 'தாமே பதிந்துகொள்ளலாம்' என்னும் திட்டத்தின் முதல் வரியே தமிழ்நாட்டில் பொய்த்துப்போயிற்று.

பிழைச்செய்தி புரியாதபோது நடப்பது என்ன? தோல் தைக்கும் பெண் ஒருவர் மாலையில் வேலை முடித்து மகனின் கைப்பேசியில் படிவத்தை நிறைவு செய்கின்றார் எனக் கொள்க. பிறந்த நாளின் இடத்தில் திங்களையும் நாளையும் மாற்றி எழுதிவிட்டார். 'செல்லாத உள்ளீடு' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றுகின்றது. எந்தக் கட்டத்தில் பிழை என்பது அவருக்குத் தெரியவில்லை. மீண்டும் மீண்டும் அதே பொத்தானை அழுத்துகின்றார். அதற்குள் கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லின் காலம் கடந்துவிடுகின்றது. மறுநாள் வேலையை விட்டுக் கணினிக் கடைக்குச் செல்கின்றார். கட்டணம் கொடுக்கின்றார். ஆதார் எண்ணையும், வங்கிக் கணக்கெண்ணையும், அடுத்து வரும் கடவுச்சொல்லையும் முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்கின்றார். அவர் விரைவில் தட்டச்சிட்டுக் கொடுத்ததில் பெயர் சரியாக இருக்கின்றதா என்று பார்க்கவும் இவரால் இயலவில்லை. ஒரு வரித் தமிழ் இல்லாமையால் ஒரு நாட்கூலியும், கட்டணமும், தம் மறைச்செய்திகளின் காப்பும் ஒருங்கே போய்விடுகின்றன.

பிழைச்செய்தி பிறக்கும் இடங்கள்

'தளம் தமிழில்தானே இருக்கின்றது. பிழைச்செய்தி மட்டும் ஏன் ஆங்கிலத்தில் வருகின்றது?' என்று பலர் வியப்பர். இதன் கரணியத்தைத் தமிழன்பர்கள் அறிந்திருத்தல் நன்று. அறிந்தாலன்றி உரியவரிடம் உரியதைக் கேட்க இயலாது.

பிழைச்செய்தி மூன்று இடங்களில் பிறக்கின்றது. முதலாவது உலாவி. ஒரு கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று படிவம் செய்வோர் குறித்துவிட்டால், அது வெறுமையாக இருக்கும்போது உலாவியே தன் சொந்தத் தொடர் ஒன்றைக் காட்டும். அத்தொடர் படிவத்தின் மொழியைப் பின்பற்றுவதில்லை. உலாவி எம்மொழியில் அமைக்கப்பட்டுள்ளதோ அம்மொழியில் வரும். ஆகவே படிவம் முழுதும் தூய தமிழில் இருந்தாலும், கைப்பேசி ஆங்கில அமைப்பில் இருப்பின் கண்டிப்பு ஆங்கிலத்திலேயே வரும். இத்தொடரை நீக்கித் தம் தொடரை வைத்துக்கொள்ளும் ஏந்து படிவம் செய்வோர்க்கு உண்டு. அவர்கள் அதைச் செய்வதில்லை என்பதே குறை.

இரண்டாவது இடம் பக்கத்தோடு சேர்ந்து வரும் நிரல். கைப்பேசி எண் பத்து இலக்கமா, அஞ்சற் குறியெண் ஆறு இலக்கமா என்று பார்ப்பது அதுவே. அதன் செய்திகள் நிரலர் கையால் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டுக் கிடக்கும். மூன்றாவது இடம் தொலைவிலுள்ள வழங்கிக் கணினி. படிவத்தை அனுப்பிய பின்னர், பெயரும் ஆதார் எண்ணும் பொருந்துகின்றனவா என்பது போன்ற ஆய்வுகளை அது செய்து, பல வேளைகளில் வெறும் எண்ணையோ அரைகுறை ஆங்கிலத்தையோ திருப்பி அனுப்பும். பக்கத்தைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும் தொடர்களை மட்டும் தமிழாக்கிவிட்டால், பிழை நேர்ந்த பின்னரே தோன்றும் இம்மூவகைத் தொடர்களும் விடுபட்டுப் போகும். முகப்பைத் தமிழாக்கியவர்கள் முழுவதையும் தமிழாக்கிவிட்டதாக அறிவித்துக்கொள்வதும் இவ்வாறுதான் நேர்கின்றது.

தமிழ்ப் பெயரே பிழையா?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. சில படிவங்களில் தமிழே பிழையாகக் கொள்ளப்படுகின்றது.

பெயர் எழுதும் கட்டத்தில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் இடைவெளியையும் தவிர வேறெதையும் ஏற்காதே என்று நிரலுக்குக் கட்டளையிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அக்கட்டத்தில் தம் பெயரைத் தமிழில் எழுதும் தமிழர்க்குச் 'செல்லாத எழுத்து' என்று விடை வருகின்றது. எவ்வளவு பெரிய இழுக்கு! எழுதியவர் பிழை செய்யவில்லை. எழுதுவித்தவர் செய்த பிழை எழுதியவர் தலையில் ஏற்றப்படுகின்றது.

'எந்த மொழி எழுத்தையும் ஏற்றுக்கொள்' என்று கட்டளையிட்டாலும் இடர் முற்றும் நீங்கிவிடுவதில்லை. ஒருங்குறியில் அகரமேறிய மெய்களும் உயிர்களும் 'எழுத்து' என்னும் வகையில் வைக்கப்பட்டுள்ளன. மெய்க்குரிய புள்ளியும், துணைக்கால், கொம்பு, கொக்கி முதலியனவும் 'சார்ந்து வரும் குறி' என்னும் வேறு வகையில் வைக்கப்பட்டுள்ளன. இதை அறியாத நிரலர் 'எழுத்து மட்டும்' என்று ஆய்வு வைத்தால், க, த, ப போன்றவை உள்ளே செல்லும். க், தி, பூ போன்றவை தடுக்கப்படும். புள்ளியும் காலும் கொம்பும் இல்லாத தமிழ்ப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

எழுத்தை எண்ணுவதிலும் இதே கேடு. பள்ளிகொண்டா என்னும் பெயரில் எத்தனை எழுத்து என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ப, ள், ளி, கொ, ண், டா என ஆறு என்று விரல்விட்டுச் சொல்லும். கணினியோ புள்ளியையும் குறிகளையும் தனித்தனியே எண்ணிப் பதினொன்று என்னும். 'ஊர்ப்பெயர் பத்தெழுத்துக்கு மேற்படலாகாது' என்று ஒரு படிவம் கட்டளையிடின், ஆறெழுத்துடைய இவ்வூர்ப்பெயர் அளவு மீறியதாகத் தள்ளப்படும். பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் இக்குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்வதால், பைட்டை எண்ணும் நிரலுக்கு இதே பெயர் முப்பத்து மூன்றாகத் தோன்றும். தமிழெழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்று கற்ற மாணவர்க்கு, பொறி சொல்லும் கணக்கு ஒருநாளும் பொருந்தாது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டரசும் 2010இல் ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. இவ்வளவு காலம் கடந்தும் உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணத் தெரியாத படிவங்கள் செய்யப்படுவது வெட்கத்துக்குரியது.

பெயரின் அமைப்பையும் பார்க்க. தமிழர்க்குக் குடும்பப்பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயர்தன் முதலெழுத்தை முன்வைத்து, தம் இயற்பெயரை எழுதுவதே வழக்கு. அவ்வழக்கை அறியாத படிவம், 'குடும்பப்பெயர் கட்டாயம்' என்று மறிக்கின்றது. முன்னெழுத்தை அங்கே எழுதினால் 'குறைந்தது இரண்டெழுத்து வேண்டும்' என்று மறுபடியும் மறிக்கின்றது. முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. அவ்வாணையைப் பின்பற்றும் மாணவர் எழுதும் பெயரைப் படிவங்கள் ஏற்காவிடில் ஆணையால் என்ன பயன்? இக்கேடு எதுவரை செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2022 நவம்பரில் ஒன்றிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர்க்கு வருகை இசைவு இல்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருப்பின் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தமையால் மக்கள் வானூர்தியேறத் தடை வந்ததன்றோ!

ஆங்கில எழுத்துக்கூட்டலால் விளையும் தொல்லையும் சிறிதன்று. ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எழுத்து அம்மொழியில் இல்லை. ஒருவர் பெயரே ஆதாரில் ஒருவகையாகவும், வங்கியில் ஒருவகையாகவும், பள்ளிச் சான்றிதழில் ஒருவகையாகவும் எழுதப்படுகின்றது. பின்னர் 'பெயர் பொருந்தவில்லை' என்று பொறி தள்ளிவிடுகின்றது. 2020இல் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிக்கேற்ப மாற்றி ஆணையிட்டுச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். தமிழில் எழுதினால் ஒரே வடிவாக நிற்கும் பெயர், ஆங்கிலத்துக்குப் போனவுடன் பல வடிவாகச் சிதறுகின்றது. சிதறச் செய்தது படிவம். தண்டனை பெறுவது தொழிலாளி.

தமிழாக்கத்தின் பெயரால்

தமிழில் பிழைச்செய்தி வேண்டும் என்று கேட்டால், அகரமுதலியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தருவதும் தீர்வாகாது. 'இந்த புலம் தேவை' என்று பல படிவங்களில் எழுதப்பட்டுள்ளது. ஒற்று விடுபட்டது ஒருபுறம் இருக்க, இங்கே புலம் என்பது எது? வயலா, திசையா, கண் முதலிய ஐம்புலனா? படிவத்தில் உள்ளது கட்டம். 'பிறந்த நாளை எழுதுங்கள்' என்றால் முடிந்துவிடும். 'தவறான உள்ளீடு' என்பதும் அத்தகையதே. தவறு என்று சொல்லிவிட்டு எது தவறு, ஏன் தவறு, எவ்வாறு திருத்துவது என்று சொல்லாதது திருத்தமாகாது; அது வெறும் அதட்டல்.

ஆங்கிலத்தில் கட்டத்தின் பெயரை மாற்றி மாற்றி வைத்து ஒரே தொடரால் எல்லாப் பிழைகளையும் சொல்லிவிடுவர். அம்மொழியில் பெயர் உருத்திரிவதில்லையாதலின் அது செல்லும். தமிழில் வேற்றுமையுருபு பெயரோடு புணரும். முகவரி முகவரியை என்றாகும். எண் எண்ணை என்றாகும். ஊர் ஊரை என்றாகும். மாவட்டம் மாவட்டத்தை என்றாகும். ஒரே அச்சில் வார்த்தால் 'முகவரிஐ எழுதவும்', 'மாவட்டம்ஐ எழுதவும்' என்னும் உருக்குலைந்த தமிழே வெளிவரும். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் முழுத் தொடரைத் தனித்தனியே எழுதி வைத்தலே முறை. ஒரு பதிவுப் படிவத்துக்கு வேண்டும் பிழைச்செய்திகள் சில பத்துகளே. தமிழறிந்த ஒருவரும் நிரலறிந்த ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் ஓரிரு நாளில் முடியும் வேலை.

நல்ல பிழைச்செய்தி எவ்வாறிருக்கும்? 'கைப்பேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும். நீங்கள் எழுதியதில் 9 உள்ளன' என்றிருக்கும். 'பிறந்த நாளை நாள், திங்கள், ஆண்டு என்னும் வரிசையில் எழுதுங்கள்' என்றிருக்கும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. பள்ளிகொண்டா வேலூரிலேயே நின்றது. பழைய அட்டையில் உள்ளபடி வேலூர் என்று தெரிந்தெடுக்கும் ஆம்பூர்த் தொழிலாளிக்கு, 'பொருந்தவில்லை' என்று சொல்லி விட்டுவிடாமல், 'ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. அதைத் தெரிந்தெடுங்கள்' என்று சொல்லுதலே அறிவுடைய செய்தி. செய்தி பிழையுள்ள கட்டத்துக்கு அருகிலேயே தோன்றுதல் வேண்டும். சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால் நிறம் பிரித்தறிய இயலாதார்க்கும் கண்பார்வை இல்லார்க்கும் பயன்படாது. ஒரு பிழைக்காக எழுதியவை அனைத்தையும் அழித்துவிடுதல் கூடாது. பிழையைச் சொல்லால் விளக்குக, திருத்தும் வழியையும் காட்டுக, நிறத்தை மட்டும் நம்பாதே என்று 2008இல் வெளியான பன்னாட்டு வலை அணுகல் நெறிமுறைகளே வரையறுத்துள்ளன. ஆதலின் இஃது மொழிப்பற்றாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கையன்று.

மறுப்புகளும் விடையும்

'நிரல் ஆங்கிலத்தில்தானே எழுதப்படுகின்றது. பின் செய்தி மட்டும் எவ்வாறு தமிழில் வரும்?' என்று சிலர் வினவுவர். அச்சுப்பொறி செருமனியில் செய்யப்பட்டதாயினும் அதில் தமிழ்நூல் அச்சாகவில்லையா? நிரலின் கட்டளை வேறு. அது காட்டும் செய்தி வேறு. செய்தியைத் தனிக் கோப்பில் மொழிவாரியாக வைத்துக்கொள்ளும் முறை கணினித் துறையில் நெடுங்காலமாக உள்ளது.

'மக்கள்தாம் இ-சேவை நடுவத்துக்கோ கடைக்கோ செல்கின்றனரே, அங்கிருப்போர்க்கு ஆங்கிலம் தெரியுமே' என்பர் வேறு சிலர். மக்கள் அங்குச் செல்வது விருப்பத்தால் அன்று, வேறு வழியின்மையால். நடக்கத் தெரிந்தவரின் காலைக் கட்டிவிட்டு, ஊன்றுகோல் கொடுத்தேன் என்று பெருமை பேசுவது நேர்மையாகாது.

தன் குறையைத் தீர்த்துக்கொள்ள ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையீடு கொடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு சொல்கின்றது. தமிழே தமிழ்நாட்டின் ஆட்சிமொழி என்று 1956ஆம் ஆண்டின் சட்டம் சொல்கின்றது. முறையீட்டைத் தமிழில் கொடுக்க உரிமை உண்டென்றால், அம்முறையீட்டில் உள்ள குறையைத் தமிழில் தெரிந்துகொள்ளும் உரிமையும் அதனுள் அடங்கியதே. கேட்கும் உரிமை இல்லாத இடத்தில் பேசும் உரிமை அரைகுறையானது.

செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டரசு தன் பதிவுப் படிவங்கள் ஒவ்வொன்றிலும் உலாவி, நிரல், வழங்கி என்னும் மூவிடத்துப் பிழைச்செய்திகளும் தமிழாகிவிட்டனவா என்று ஆய்ந்த பின்னரே அவற்றைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடுதல் வேண்டும். பெயரும் முகவரியும் தமிழெழுத்தில் எழுதினால் ஏற்கப்படுதல் வேண்டும். ஆங்கில வடிவம் வேறொரு பயனுக்குத் தேவையாயின் அதைத் தனிக் கட்டத்தில் கேட்டுக்கொள்க. குடும்பப்பெயர் கட்டாயம் என்னும் விதி நீங்குதல் வேண்டும். நடுவணரசின் பதிவேடுகள் தமிழில் வந்துவிட்டன என்னும் அறிவிப்போடு நின்றுவிடாமல், பிழை நேரும்போதும் அவை தமிழிலேயே பேசுகின்றனவா என்பதைத் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் வினவுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் நிரல் எழுதும் இளைஞர்கள் எண்ணற்றோர். உலக நாடுகளின் படிவங்களுக்கெல்லாம் அந்தந்த மொழியில் பிழைச்செய்தி அமைத்துக் கொடுக்கும் திறம் அவர்களிடம் உண்டு. அத்திறத்தின் ஒரு சிறு கூறேனும் தாய்மொழிக்குப் பயன்படுதல் வேண்டும். தமிழாசிரியர்கள் சொல்லாக்கக் கூட்டங்களில் கருத்துரைப்பதோடு அமையாமல், படிவம் செய்வோர் அருகில் அமர்ந்து, எளிய மக்கள் படித்தவுடன் புரியும் தொடர்களை ஆக்கித் தருதல் வேண்டும்.

தமிழன்பர் ஒவ்வொருவரும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தம் ஊரில் அண்டை வீட்டார்க்குப் படிவம் நிறைவு செய்து கொடுக்கும்போது, ஆங்கிலத்தில் தோன்றும் பிழைச்செய்தி ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்க. அதற்கு நேரான நல்ல தமிழ்த்தொடரையும் எழுதுக. தளத்தின் பெயரோடும் நாளோடும் உரிய துறைக்கு அனுப்புக. விடை வரும்வரை விடாது கேட்க. பள்ளிகொண்டாவில் தோல் தைக்கும் தாய், எவர் துணையுமின்றித் தம் பெயரைத் தமிழில் எழுதி, நேர்ந்த பிழையைத் தமிழில் படித்து, தாமே திருத்தித் தம் பதிவெண்ணைப் பெறும் நாளில்தான் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அவர் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்ததாகப் பொருள்.